உஷார்! பையில் இருக்கும் சத்துமாவு உருண்டையில் ஈரம் ஏறியிருக்கிறதா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. சத்துமாவு உருண்டை, கம்பு உருண்டை, கேப்பை லட்டு என்று வீட்டில் உருட்டுகிறவர்கள் அடுத்த தடவை தானியம் வறுப்பதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். பூசணம் பிடித்த தானியமோ சொத்தைக் கடலையோ அந்த மாவில் கலந்துவிட்டால், ஈரலைக் கெடுக்கும் நஞ்சும் கூடவே உருண்டைக்குள் போய்விடும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. கருப்பட்டியின் இனிப்பில் நாக்குக்கும் தெரியாது.

சிவகிரியிலிருந்து ராஜபாளையத்து மில்லுக்கும் சங்கரன்கோவில், தென்காசி பக்கத்து ஆபீசுக்கும் காலேஜுக்கும் விடியற்காலையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு உட்கார்ந்து இட்லி சாப்பிட நேரம் ஏது? இரண்டு உருண்டையை டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நல்ல பழக்கம் அது. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, கம்பையும் கேப்பையையும் மறந்திருந்த வீடுகள்கூட மறுபடி அவற்றை வாங்கத் தொடங்கின. அந்தப் பழக்கத்தை யாரும் விட வேண்டாம். ஆனால், “வீட்டில் செய்ததுதானே, என்ன ஆகிவிடப் போகிறது?” என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறோமே, அதுதான் பயமாக இருக்கிறது. கடைப் பாக்கெட்டில் தயாரித்த தேதி போட்டிருக்கும். நம் டப்பாவில் என்ன தேதி இருக்கிறது?

நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின்

ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை மக்காச்சோளம், நிலக்கடலை, சோளம், கம்பு என்று எதிலும் வளரும். காற்றில் ஈரமும் 25 முதல் 35 டிகிரி வெப்பமும் இருந்தால் அதற்குப் போதும். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சமையலறை அப்படித்தானே இருக்கிறது? அந்தப் பூஞ்சை உண்டாக்குவதுதான் அஃப்ளாடாக்சின். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் வரவழைப்பது உறுதியானவை என்ற முதல் பட்டியலில் இதை வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு ஈரல் புற்று வரும் ஆபத்தை இது பல மடங்கு கூட்டிவிடுகிறது. தானியத்தில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்துப் பிடிக்கிற அளவே அல்ல.

இது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1974-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தைச் சரியாகக் காய வைக்காமல் சேமித்து, அதையே அரைத்துச் சாப்பிட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமும் பரவி 106 பேர் இறந்துபோனார்கள். அந்த வீட்டு நாய்கள்கூடத் தப்பவில்லை. 2004-இல் கென்யாவில் இதே மக்காச்சோளம், இதே ஈரம். 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் வீட்டில் விளைந்து வீட்டில் இடித்துச் சமைத்த உணவு.

சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளம் எவ்வளவு விளைகிறது என்று உங்களுக்குத் தெரியும். நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தானியம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரகிலும் கண் வையுங்கள்

2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் அடுத்தடுத்து விழுந்து செத்தன. அவை மேய்ந்தது வரகுக் கொல்லையில். பரிசோதனையில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற பூஞ்சை நஞ்சு கிடைத்தது. நமக்கும் இது புதிது அல்ல. 1933-இல் இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய தேனி மாவட்டத்து வண்ணாத்திப்பாறைக் காட்டில், வரகு மேய்ந்த 14 யானைகள் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. பூஞ்சை பிடித்த வரகைத் தின்ற மனிதர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, கைகால் நடுக்கம், மயக்கம் எல்லாம் வந்திருக்கின்றன. நல்ல வரகு நல்ல உணவுதான். மழையில் நனைந்து கறுத்த வரகு யானையையே சாய்த்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

ஈரம் எந்த வழியாக உள்ளே வருகிறது?

முதல் வழி முளைகட்டுவது. கம்பு, கேப்பை, பாசிப்பயறு எல்லாவற்றையும் ஊறவைத்து முளைகட்டி, வெயிலில் காயவைத்து வறுப்பது நம் வழக்கம். சித்திரை வெயிலில் ஒரே நாளில் சருகாகக் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்காது. மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் பரப்பி வைத்தால் மேல் தோல் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த இரண்டு மூன்று நாள் போதும் பூஞ்சைக்கு. ஆகவே மழைக்காலத்தில் முளைகட்டாதீர்கள். காய்ந்த தானியத்தை அப்படியே வறுத்து அரையுங்கள். முளைகட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதைச் சுண்டலாக அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி அரைவை மில். மில்லிலிருந்து மாவு சுடச்சுட வருகிறது. மழை வருமே என்று பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, அதே சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் வேர்த்துவிடும். அந்த வேர்வைதான் மாவில் இறங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் சுத்தமான துணியில் பரப்பி, முழுதாக ஆறிய பிறகு அள்ளுங்கள். உருண்டையும் அப்படியே. சூடு ஆறாமல் மூடி போடக் கூடாது.

மூன்றாவது வழி பிடிக்கிற விதம். உருண்டை உதிர்கிறதே என்று பால் தெளிப்பார்கள், வெந்நீர் தெளிப்பார்கள், பச்சைத் தேங்காய்த் துருவல் சேர்ப்பார்கள். இப்படிப் பிடித்த உருண்டை அன்றைக்கே சாப்பிட வேண்டியது. மூன்று நாள் பையில் சுமக்கிற பண்டம் அது கிடையாது. கொண்டுபோகிற உருண்டையை நெய்யிலோ, தண்ணீரில் போட்டால் கரையாமல் திரண்டு நிற்கும் முற்றிய பாகிலோ பிடியுங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நாள் கணக்கில் தாங்குவது பாகின் பதத்தால்தான். இளம்பாகில் பிடித்தால் இரண்டு நாளில் நமத்து, பிறகு பூசணம் பிடிக்கும்.

நான்காவது வழி டப்பா. கழுவியதும் துடைக்காமல் உருண்டையைப் போடுவது, ஈரக்கையால் எடுப்பது, பழைய மீதியின் மேல் புதியதைக் கொட்டுவது, இந்த மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். நியூஸ் பேப்பரில் சுற்றாதீர்கள். அச்சு மையில் ஈயம் உள்ளிட்ட நச்சுப் பொருள்கள் இருக்கலாம், நெய் பட்டால் அவை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் 2023-லும் எச்சரித்திருக்கிறது. காய்ந்த எவர்சில்வர் டப்பாவே போதும்.

கம்பு மாவு சீக்கிரம் கெடும்

கம்பில் மற்றப் பல தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம். அரைத்த உடனே அந்தக் கொழுப்பை ஒரு நொதி சிதைக்கத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு வாரத்துக்குள் சிக்கு வாடை வந்து கசந்துவிடும். கம்பை வாசம் வரும்வரை நன்றாக வறுத்த பிறகு அரைத்தால் அந்த நொதி அடங்கும், மாவு கொஞ்சம் தாங்கும். அப்படியும் மாதக் கணக்கில் அரைத்து வைக்காதீர்கள். வாரத்துக்கு வேண்டியதை அரையுங்கள். உருண்டையை மழை நாளில் மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். டப்பா மேல் ஒரு தாளை ஒட்டிச் செய்த தேதியை எழுதுங்கள்.

இந்த யோசனைகளை நம்பாதீர்கள்

“ஓரத்துலதான் பூசணம், கிள்ளிப் போட்டுட்டுத் தின்னுங்க.” வெளியே தெரிகிற பச்சைப் புள்ளி பூஞ்சையின் ஒரு பகுதிதான். அதன் இழைகள் உள்ளே ஓடியிருக்கும். உருண்டையை மட்டும் எறியாதீர்கள், அந்த ஈட்டையே எறியுங்கள்.

“நெய் விட்டு இன்னொரு வாட்டி வறுத்தா சரியாப் போயிரும்.” போகாது. வறுக்கும்போது பூஞ்சை செத்துப்போகும், அது விட்டுவைத்த அஃப்ளாடாக்சின் பெரும்பகுதி தங்கிவிடும்.

“வெயில்ல ஒரு நாள் போட்டு எடுங்க.” நல்ல தானியத்தைக் காக்க வெயில் உதவும். கெட்டுப்போனதைத் திருப்பித் தராது.

“நாம தின்ன வேண்டாம், மாட்டுக்கு வைப்போம், கோழிக்குப் போடுவோம்.” இதுதான் மிக மோசமான யோசனை. இந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே 1960-இல் இங்கிலாந்தில், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான். மாடு தின்றால் நஞ்சு உருமாறிப் பாலில் இறங்கும். அந்தப் பால் உங்கள் பிள்ளைக்குத்தான் வரும். மண்ணில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

அரைப்பதற்கு முன் கடலையைத் தட்டில் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சை படிந்தது, பிளந்தால் உள்ளே பொடி இருப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். கசந்த கடலையை விழுங்காமல் துப்புங்கள். மக்காச்சோளத்திலும் உடைந்த, நிறம் மாறிய மணிகளை நீக்குங்கள். மாவில் மக்கல் வாடை அடித்தால் ருசி பார்த்துச் சோதிக்கவே வேண்டாம்.

புட்டு, கொழுக்கட்டை கொண்டுபோகிறவர்களுக்கு

வேகவைத்த பண்டத்தின் ஆபத்து வேறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. ஆவி பறக்கிற புட்டைத் தேங்காய்ப்பூவோடு டிபனில் அடைத்து, கூட்டமான பஸ்ஸில் வெக்கையில் கொண்டுபோய் மதியம் திறந்தால் அதற்குள் அவை பெருகியிருக்கும். அது உண்டாக்குகிற வாந்தி நஞ்சைத் திரும்பச் சூடு பண்ணியும் அழிக்க முடியாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பஸ்ஸிலேயோ இறங்கிய உடனேயோ சாப்பிடுவதாக இருந்தால் புட்டும் கொழுக்கட்டையும் கொண்டுபோங்கள். மதியத்துக்கு என்றால் காய்ந்த பண்டமே நல்லது.

பூச்சிமருந்து பக்கத்தில் வரக் கூடாது

1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பலில் மாவு மூட்டைகளோடு பூச்சிமருந்தையும் ஏற்றி வந்ததுதான் காரணம். 2013 ஜூலை 16 அன்று பீகாரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. தோட்டத்தில் மருந்து வந்த கேனையோ வாளியையோ எத்தனை முறை கழுவினாலும் தானியம் போட்டு வைக்காதீர்கள். விதைக்கு வாங்கி மிஞ்சிய, சிவப்புச் சாயம் ஏறிய தானியம் மருந்து கலந்தது. அதை அரைக்கவே கூடாது. வண்டுக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் உயிரைக் குடிக்கும் வாயுவை விடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. படுத்துத் தூங்குகிற வீட்டுக்குள் அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். காய்ந்த வேப்பிலை வையுங்கள், நன்றாகக் காயவைத்து இறுக மூடுங்கள்.

இவர்களுக்குக் கூடுதல் கவனம்

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கலந்த தினைமாவை ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து உடம்பைச் செயலிழக்கச் செய்யும். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு முழுக்கடலை போட்ட உருண்டை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கிவிடும். சர்க்கரை நோயாளிகளே, கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பிள்ளைக்கு நீட்டுவதற்கு முன் கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அதன் அம்மாவிடம் கேளுங்கள். டூவீலர் ஓட்டிக்கொண்டே உருண்டையை மெல்லாதீர்கள். காய்ந்த மாவு தொண்டையில் புரையேறினால் வண்டி கையில் நிற்காது.

சாப்பிட்ட பிறகு உடம்புக்கு முடியவில்லையா?

ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், நடுக்கம், கண் மஞ்சளாவது, வயிறு வீங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் கை வைத்தியத்தில் நேரம் கடத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மயக்கமோ நடுக்கமோ இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட்ட உருண்டையின் மீதியை எறியாமல் ஒரு பையில் கட்டி டாக்டரிடம் காட்டுங்கள். அதே டப்பாவில் இன்னும் யார் யார் சாப்பிட்டார்கள் என்று விசாரித்து உடனே சொல்லிவிடுங்கள்.

மகளிர் குழுவில் உருண்டை செய்து விற்கிற அக்காமாரே, உங்கள் பொறுப்பு இன்னும் பெரிது. ஒரு வீட்டு அண்டாவில் நேர்கிற தவறு உங்கள் கையால் ஐம்பது வீட்டுக்குப் போகும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள், பாக்கெட்டில் செய்த தேதியும் கடைசித் தேதியும் போடுங்கள், மழை வாரத்தில் ஆர்டர் குறைந்தாலும் பரவாயில்லை என்று காய்ந்த தானியத்துக்குக் காத்திருங்கள். மாவு மில் வைத்திருக்கிற அண்ணாச்சிமாரே, மக்கல் வாடை அடிக்கிற தானியம் வந்தால் அரைக்க மறுத்துவிடுங்கள். அது அடுத்தவர் மாவிலும் கலக்கும்.

தானியம் விலை ஏறிக் கிடக்கிறது, எறிய மனசு வராது என்பது புரிகிறது. ஆனால் ஒரு கிலோ கம்பையும் கால் கிலோ கருப்பட்டியையும் மறுபடி வாங்கிவிடலாம், கெட்டுப்போன ஈரலுக்கு மாற்று கிடையாது. சந்தேகம் வந்தால் குப்பைக்கு. இந்த மழை முடியும்வரை ஒவ்வொரு வீட்டிலும் இதுவே சட்டமாக இருக்கட்டும்.