பிள்ளையோடு வரும் பெற்றோர்



"எம் மகனுக்கு என்னவோ ஆயிடுச்சு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டுதான் அநேகத் தாய்மார் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார்கள். ஆணாகப் பிறந்து தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளையைத் திருநங்கை என்கிறோம். பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்பவர் திருநம்பி. எங்களிடம் வருமுன் மந்திரிப்பு, உபவாச ஜெபம், கரண்டு வைத்தால் சரியாகும் என்ற டாக்டர் என்று பல வாசல்களை அந்தக் குடும்பம் மிதித்திருக்கும். சபையில் ஒருவரிடமும் வாய் திறந்திராது.

இது மனநோய் அல்ல என்பதையே முதலில் சொல்லுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இது மனநோய்ப் பகுதியில் இல்லை. பிள்ளையை "மாற்றிக் காட்டுகிறோம்" என்று செய்யும் சிகிச்சை மருத்துவத் தொழிலின் நெறிக்கு விரோதமானது என்று தேசிய மருத்துவ ஆணையமும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி, அதே ஆண்டில் அறிவித்தது.

அடுத்த பயம் கத்தி. "உடனே ஆபரேஷன் பண்ணிடுவீங்களா?" இல்லை. பருவமடையாத பிள்ளைக்கு மருந்தும் கிடையாது, அறுவையும் கிடையாது. உட்கார வைத்துக் கேட்பதுதான் வைத்தியம். பருவ வயதினருக்கு மருந்து தரலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பருவமடைவதைத் தள்ளிப்போடும் மருந்தை வழக்கமாகக் கொடுப்பதை இங்கிலாந்தின் அரசு மருத்துவத்துறை 2024-ல் நிறுத்தியது. ஆகவே நாங்கள் அவசரப்படுவதில்லை.

மெய்யான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வீட்டில் அடி விழுந்தால் பிள்ளை ஓடிப்போகும். மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரைகளை அட்டை அட்டையாக வாங்கி விழுங்கும். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் மிஞ்சினால் காலில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். தமிழ்நாட்டில் சில அரசு மருத்துவமனைகளில் பெரியவர்களுக்கு இலவசமாகவே செய்யப்படும் அறுவையை, அது தெரியாமலோ வெட்கப்பட்டோ, படிப்பில்லாத 'தாயம்மா' கையில் செய்துகொண்டு, இரத்தப்போக்கும் சிறுநீர் அடைப்புமாகத் தவித்தவர்கள் உண்டு.

எங்களிடமும் குறை இருந்தது. ஓ.பி. சீட்டிலிருந்த பெயரை உரக்கக் கூப்பிட்டோம். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிள்ளை எழுந்து போய்விட்டது, தாயும் பின்னாலேயே ஓடினார். இப்போது டோக்கன் எண்ணைச் சொல்லியே கூப்பிடுகிறோம். இவ்வளவு சிறிய காரியம் எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு தகப்பனார் இரண்டு முறை வெளியே வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் முறை உள்ளே வந்து, "சாப்பிட மாட்டேங்குதுங்க, அதுக்கு மட்டும் ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார். அவர்கள் ஊர் திரும்ப பஸ் கட்டணம் உங்கள் காணிக்கையிலிருந்து கொடுக்கப்பட்டது.