வீட்டு உடற்பயிற்சி: ஆர்வம், அபாயம், நுகர்வோர் உரிமை

இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றும், பெண்களில் இது 57 விழுக்காடாகவும் ஆண்களில் 42 விழுக்காடாகவும் இருக்கிறது என்றும் 2022ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்து 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. இந்த வேறுபாட்டுக்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது அநீதி. விடியற்காலையில் தனியாக நடக்கத் தயங்கவைக்கும் தெருவுக்கும், சமையலும் பிள்ளைகளும் போக எஞ்சும் சொற்ப நேரத்துக்கும் நடுவில் வாழும் பெண்ணுக்கு வீட்டுக் கூடமே பயிற்சிக் கூடமாக வேண்டியிருக்கிறது; வெளியே செல்லத் துணை தேடும் முதியோரின் நிலையும் அதுவே.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கமும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அது கைவிட்டுவிட்டதால், உலை கொதிக்கும் இடைவெளியில் செய்யும் ஐந்து நிமிடப் பயிற்சிக்கும் மதிப்பு உண்டு. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்குவதே மிதமான இயக்கம் எனப்படும்.

பயிற்சி தொடர்வதும் நின்றுபோவதும் பெரும்பாலும் அதில் கிடைக்கும் மகிழ்ச்சியைப் பொறுத்தவை என்பதால், விலையுயர்ந்த கருவிகளைத் தேடும் முன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவற்றைக் கவனிப்பது நல்லது. கும்மி அவற்றில் தலையாயது. குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு எனக் கைதட்டியபடி வட்டமாக அடியெடுத்து வைக்கும்போது காலும் இடுப்பும் தோளும் ஒருசேர இயங்குகின்றன. பாட்டின் தாளமே வேகத்தை வகுத்துவிடுவதால் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை. பாடுபவருக்குப் பாட்டு இழுபடத் தொடங்கும் இடமே இயக்கம் மிதமான நிலையை எட்டிவிட்டதன் அடையாளமாகிவிடுகிறது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஆடக்கூடிய பயிற்சி வேறு அதிகம் இல்லை. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டுவது. முழங்கால் வலி உள்ளவர் அதற்குப் பதிலாக, சுவரோடு ஒட்டிப்போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். தண்டால், பஸ்கி, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து ஆடும் பாண்டி, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை எடையாகக் கொண்டு செய்யும் கைப்பயிற்சி என நாளுக்கொன்றாக மாற்றிக்கொண்டால் சலிப்பு நெருங்காது.

வீட்டில் செய்வதாலேயே பயிற்சி ஆபத்தற்றதாகிவிடாது. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கிச் செய்யும் பயிற்சி இரத்த அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தும் என்பதால், உடலை வருத்தும் கட்டத்தில் மூச்சை வெளியே விடும் பழக்கம் வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழக்கூடும். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் அதன் அறிகுறிகள் என்பதால் குளுக்கோஸ் கைவசம் இருக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயுப்பிடிப்பு என்று ஒதுக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். நெடுங்காலம் உடலியக்கம் இல்லாதிருந்தவர் தொடங்கும் முன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வது அவசியம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இச்சோதனைகளையும் தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையையும் வீட்டிலேயே அளிக்கிறது.

வீட்டின் அமைப்பும் காயத்துக்குக் காரணமாகலாம். துடைத்த ஈரம் காயாத டைல்ஸ் தரை வழுக்கும். தாழ்ந்த மின்விசிறியின் கீழ் கர்லாக்கட்டை சுழற்றுவது விபத்தை வரவழைப்பது. குழந்தைகள் உள்ள வீட்டில் டிரெட்மில் தனிக் கவனம் கோருகிறது: ஒரு குழந்தை இறந்து, பலர் காயமுற்ற பின், அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் 2021 மே மாதத்தில் தனது டிரெட் பிளஸ் ரகக் கருவிகளில் சுமார் 1,25,000ஐத் திரும்பப் பெற நேர்ந்தது. பயன்படுத்தியதும் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பட்டை ஓடுவதை உடனே நிறுத்த உதவும் பாதுகாப்புச் சாவியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும்.

இனிச் சந்தை. வயிற்றில் கட்டினால் அங்குள்ள கொழுப்பு மட்டும் கரையும் என்று விற்கப்படும் பெல்ட், அந்த இடத்தைச் சூடேற்றி வியர்க்கவைக்கிறது. குறைவது உடலின் நீர் மட்டுமே, குடித்தவுடன் அது திரும்பிவிடும். வியர்க்கவைப்பதால் ஓரிடத்துக் கொழுப்பு மட்டும் தனியே கரைவதில்லை. இத்தகைய விளம்பரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி தவறான விளம்பரம், அதாவது பொருளைப் பற்றிப் பொய்யான உறுதி அளித்து வாங்குபவரை ஏமாற்றுவது. இதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உடலைப் பற்றிய வெட்கத்தைத் தூண்டிப் பொருளை விற்பவர்களுக்கு இந்த அபராதம் மிகையே அல்ல.

இணையவழியில் வாங்கிய கருவி குறையுடையதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இலவசமெனத் தொடங்கி மாதந்தோறும் பணம் பிடிக்கும் பயிற்சிச் செயலிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு: விலகும் வழியை மறைப்பதும் சிக்கலாக்குவதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி முறையற்ற வணிகம், தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில் ஒவ்வொரு தவணைக்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு அனுப்பி, நிறுத்திக்கொள்ளவும் வழிதர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

விற்றவர் இணங்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். கருவியின் குறையால் காயமே நேர்ந்திருந்தால், பொருள் பொறுப்பு என்ற பிரிவின்கீழ் தயாரிப்பாளரிடமும் இழப்பீடு கோரலாம். அதற்கு விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, விளம்பரத்தின் படம், உடைந்த பாகம், மருத்துவச் சான்று ஆகியவற்றைத் தூக்கியெறியாமல் வைத்திருக்க வேண்டும், உடைந்த கருவியை வழக்கு முடியும்வரை பழுதுபார்க்கவும் கூடாது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, விசாரணையைக் காணொளி வழியே நடத்துமாறும் விண்ணப்பிக்கலாம்.