ஆத்துல தண்ணி எங்கே? மலை ஏறிப் பாருங்க!

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் அர்ச்சுனா நதி, மறுபக்கம் வைப்பாறு. நடுவில் அம்மன். கேட்கும்போதே குளுகுளுவென்று இருக்கிறதல்லவா? நேரில் வந்து பாருங்கள்... முக்கால்வாசி நாள் மணல்தான். மணலுக்கு மேலே வேலிக்கருவை, அதற்கு மேலே எங்கள் வெயில். அது மட்டும் என்றைக்கும் குறையாது!

"அர்ச்சுனா நதி வத்திராயிருப்பு மலையில இருந்துல வருது தம்பி. தண்ணி இங்க இல்லேன்னா அங்க என்ன நடக்குதுன்னு போய்ப் பாக்கணும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாகச் சதுரகிரி ஏறுகிறவர். அவரோடு கிளம்பினேன்.

தாணிப்பாறை அடிவாரத்தில் வனத்துறை சோதனை. பிளாஸ்டிக் பை போச்சு. அடுத்து, தீப்பெட்டி! ஊரே தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற மாவட்டத்தில், தீப்பெட்டி வைத்திருக்கிறவனைத் திருடனைப் போலப் பார்க்கிற இடம் இது ஒன்றுதான். அண்ணாச்சி சட்டைப் பையைத் தானாகவே வெளியே இழுத்துக் காட்டினார். கோடையில் ஒரு குச்சி போதுமே, ஒரு மலைச்சரிவே எரிந்துபோக!

கிளம்பின இடத்தில் காடு என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. கீழே முள்ளும் காய்ந்த மரமுமாகத்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு முகம் இது. தென்மேற்குப் பருவமழையை மலையின் அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. மாங்கனி ஓடை, வழுக்குப் பாறை (பேரே எச்சரிக்கை!), சங்கிலிப் பாறை என்று ஏற ஏற, வெயில் துண்டு துண்டாகிறது. மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் மேலே, மேகமலை பக்கம் போனால் அசல் மழைக்காடு.

இந்த 'ஒட்டிக்கொள்ளல்' சாதாரண விஷயமில்லை. நம்ம ஊர் பெருமையான சாம்பல் நிற மலை அணில் கிளைக்குக் கிளை தாவியே வாழ்கிற பிராணி. நடுவில் மரம் போனால் அதற்குப் பாலம் உடைந்த மாதிரி. இந்த அணிலுக்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் அதையும் மேகமலையையும் சேர்த்து சுமார் 1,016 சதுர கிலோமீட்டரில் புலிகள் காப்பகமாக்கினார்கள். அணிலுக்கு வந்த யோகம், புலியோடு கூட்டு!

காலடியில் உதிர்ந்த இலை மெத்தை. அண்ணாச்சி குச்சியால் கிளறினார். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். மழையை இந்த மெத்தையும் வேர்களும் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. காடு கெட்டால் மழை பெய்த அன்றே தண்ணீர் மொத்தமும் ஓடிவிடும். மறுவாரம் ஓடை வறண்டுபோகும்.

நல்ல காடாக இருந்தாலும் பாறைச் சரிவில் பேய்மழை கொட்டினால் யார் தடுப்பது? 2015 மே மாதம் இந்த மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். மழை மேலே கொட்டும். கீழே நிற்கிறவன் தலையில் ஒரு சொட்டு விழாது. முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்குவான்.

சங்கிலிப் பாறை ஓடையில் அண்ணாச்சி சட்டென்று கையை நீட்டி மறித்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"பேசாம நில்லு. தண்ணி நெறத்தப் பாரு. கலங்குச்சுன்னாலும், சருகும் குச்சியுமா மெதந்து வந்தாலும், மேல எங்கயோ ஊத்துதுன்னு அர்த்தம். எறங்கப்படாது."

தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் விட்டார். பின்னால் வந்த இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். "பெருசு, வழிய விடுங்க" என்றுகூட ஒரு குரல். "சாமி எங்கயும் ஓடாது தம்பிகளா. தண்ணிதான் ஓடும்!" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு தேசியப் பூங்கா. அங்கே காட்டுக்குள் நடக்கப் போனால் சின்னச் சின்னக் குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள். அட்டை கடிக்காமல் காலுக்குத் துணி உறை, கூடவே காடு தெரிந்த வழிகாட்டி. அந்த வழிகாட்டிகளில் சிலர், முன்பு திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்துப் பிழைத்தவர்கள்! காட்டை அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? இங்கேயோ ஆடி அமாவாசைக்கு ஜனசமுத்திரமே ஒரே ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறது. பக்தியைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒவ்வொரு ஓடைக்கரையிலும் அண்ணாச்சி மாதிரி ஓர் ஆள், சம்பளம் கொடுத்து, மலையடிவாரத்துக்காரராகவே நிறுத்தினால் என்ன?

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதி நாளும் நேரமும் மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இரவு தங்க முடியாது. விடிந்ததும் ஏறினால்தான் வெளிச்சத்தில் இறங்கலாம். புதுச் செருப்பு வேண்டாம். குரங்குக்குத் தீனி போட வேண்டாம். ஒரு வாழைப்பழம் கொடுத்தால் பையையே கேட்கும்.

பிலாவடி கருப்பசாமியைக் கும்பிட்டு, சுந்தர மகாலிங்கத்தைத் தரிசித்துவிட்டு இறங்கும்போது மேற்கே கருமேகம். அண்ணாச்சி நடையைக் கூட்டினார். சங்கிலிப் பாறையில் அதே இளவட்டங்கள் கரையில் வரிசையாக நின்று தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெருசு, தெளிவாத்தான் இருக்கு. எறங்கலாமா?"