பெரிய மருந்தும் சரியான மருந்தும்

மருந்துக் கடையில் நின்று "கொஞ்சம் பவரா ஒண்ணு குடுங்க" என்று கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. வலி மாத்திரையில் மில்லிகிராம் கூடினால் வேலையும் கூடுவதைப் பார்த்துப் பழகியவர் அவர். அதே கணக்கை ஆன்டிபயாடிக்குக்கும் போடும்போதுதான் கணக்கு தப்புகிறது. எந்தக் கிருமி, உடம்பில் எந்த இடம், யாருடைய உடம்பு என்ற மூன்றும் பொருந்தி வந்தால் பழைய, மலிவான மாத்திரையே நோயை முடித்துவிடும். பொருந்தாவிட்டால் விலை கூடிய ஊசியும் வீண்தான். பெரும்பாலான சளி, இருமல், தொண்டை வலிக்குக் காரணம் வைரஸ். அவற்றின் மீது எந்த ஆன்டிபயாடிக்குக்கும் வேலை இல்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது பாக்டீரியாவுக்குச் சாட்சியும் ஆகாது. இருந்தும் 2019-ஆம் ஆண்டின் தனியார் மருந்து விற்பனையை ஆராய்ந்தவர்கள், இந்தியாவில் மிக அதிகமாகப் போன ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை என்று கண்டார்கள். காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் அது போயிருக்கிறது என்று ஊகிப்பதில் தவறிருக்காது.

பொருத்தம் என்றால் என்ன என்பதை நீர்க்கடுப்பில் நன்றாகப் பார்க்கலாம். பெண்களுக்கு அடிக்கடி வருவது. 'உடம்புச் சூடு' என்று இளநீரும் நீர்மோருமாக இரண்டு நாள் ஓட்டிவிட்டு, எரிச்சல் தாங்காமல் மருந்துக்கு வருவார்கள். காரணம் பெரும்பாலும் நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை. முன்பு இதற்கு யோசிக்காமல் எழுதப்பட்ட சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இந்தியாவில் இன்று பெரும்பாலான ஈ.கோலை மசிவதில்லை. 1950-களில் வந்த நைட்ரோஃப்யூரண்டாயினுக்கோ இன்றும் பெரும்பாலானவை மசிகின்றன. இந்த மருந்து இரத்தத்தில் அதிகம் தங்குவதில்லை. சிறுநீரகம் அதைப் பிரித்துச் சிறுநீர்ப்பைக்குள் கொட்டிவிடுகிறது. நோய் இருக்கும் இடத்தில் அடர்த்தியாக இருக்கும். இல்லாத இடத்தில் ஏறக்குறைய இருக்காது. பாக்டீரியாவுக்குள்ளும் ஒரே புள்ளியைத் தாக்காமல் பலவற்றைச் சிதைப்பதால் அதை எதிர்க்கக் கற்பது கிருமிக்கு எளிதாக இல்லை. ஆனால் சிறுநீரில் மட்டும் சேரும் குணமே அதன் எல்லையும்கூட. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புறத்தில் வலி, வாந்தி என்று தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் இது உதவாது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு மருந்து சிறுநீருக்கே போய்ச் சேராது. பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்பார்கள். வழக்கமாக ஐந்து நாள், சாப்பாட்டோடு. சிறுநீர் பழுப்பு மஞ்சளாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை.

தொற்று திரும்பத் திரும்ப வருபவர், கர்ப்பிணி, காய்ச்சலோடு வருபவர் ஆகியோருக்குக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, அவசியம். முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வரும் தாளில் மருந்துகளின் பெயருக்கு எதிரே எஸ் அல்லது ஆர் என்று ஓர் எழுத்தும், பல ஆய்வகங்களில் ஓர் எண்ணும் இருக்கும். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. அந்த எண்ணைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். எண் எதற்குக் குறைவோ அதுவே வீரியமான மருந்து என்று நினைத்து அதையே கேட்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. எஸ் வாங்கிய மருந்துகளில் நோயாளிக்கு ஏற்ற, மிகக் குறுகிய வீச்சுள்ள, அதாவது மற்ற கிருமிகளை அதிகம் தொடாத, ஒன்றைத் தேர்வதுதான் மருத்துவரின் வேலை. தாளில் கிருமி இருக்கிறது என்பதற்காகவே மருந்து சாப்பிட வேண்டும் என்றும் இல்லை. வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரில் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

பெரிய மருந்தை எடுத்தால் என்ன நஷ்டம், வேலை முடிந்தால் சரிதானே என்று கேட்கலாம். நஷ்டம் எடுத்தவருக்கே முதலில் வருகிறது. பரந்த வீச்சுள்ள மருந்து நோய்க்கிருமியோடு குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. காலியான இடத்தில் மருந்துக்கு அடங்காதவை பெருகுகின்றன. சிலருக்குக் கடும் பேதி வருகிறது. அவருக்கு வரும் அடுத்த தொற்று அந்த அடங்காத கூட்டத்திலிருந்தே வரலாம். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்துக்குத் தசைநாண் கிழியும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கடும் எச்சரிக்கை சேர்த்தது. வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று 2016-இல் சொன்னது. ஊருக்கு வரும் நஷ்டமும் சிறியதல்ல: 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை முதலில் எடுக்க வேண்டியவை, கவனித்து எடுக்க வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்க வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்திருப்பது இதனால்தான். அமாக்ஸிசிலினும் நைட்ரோஃப்யூரண்டாயினும் முதல் வகை. நாம் அள்ளி விழுங்கும் அசித்ரோமைசின் இரண்டாவது வகை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூலி வேலைக்குப் போகிறவர் கல்ச்சருக்குப் பணமும் கொடுத்து, முடிவுக்காக இரண்டாவது தடவை லீவும் போட முடியுமா? முடியாது, எல்லோருக்கும் தேவையும் இல்லை. எளிய நீர்க்கடுப்புக்குத் தாளே வேண்டாம், வட்டாரத்தில் எந்தக் கிருமி எதற்கு அடங்குகிறது என்று தெரிந்த மருத்துவர் நேராகவே எழுதலாம். காத்திருப்பதே ஆபத்தாகும் நிலையும் இருக்கிறது. இரத்தத்தில் தொற்று பரவி, இரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தடுமாறும் நோயாளிக்கு உடனே பரந்த வீச்சு மருந்தைத்தான் ஏற்ற வேண்டும். அங்கே தயங்குவது தவறு. ஆனால் ஏற்றுவதற்கு முன் இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, முடிவு வந்ததும் குறுகிய வீச்சு மருந்துக்கு இறங்குவது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். ஏறுவதை எல்லோரும் செய்கிறார்கள். இறங்கத்தான் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு 'கோர்ஸை முடிக்க வேண்டும்' என்ற பழைய பாடத்திலிருந்து வருகிறது. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார். அளவைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் நாட்கள் கூடக் கூடப் பாதுகாப்பு என்பதற்கு ஆதாரம் இல்லை; சாதாரண நிமோனியாவில் நன்றாகத் தேறி வருபவர்கள் பலருக்கு ஐந்து நாள் போதும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடல் கிருமிகளுக்குத்தான் பயிற்சி. அதற்காகக் காய்ச்சல் விட்டதும் நாமே நிறுத்திக்கொள்ளலாம் என்று அர்த்தமல்ல. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும், அங்கே பாதியில் விடுவது பேராபத்து. எத்தனை நாள் என்பதை எழுதும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சீக்கிரம் தேறிவிட்டால் குறைக்கலாமா என்று மருத்துவரிடமே திரும்பக் கேட்கலாம்.

கோழிப் பண்ணைகளும் ஐ.சி.யூ.க்களும் கொட்டும் மருந்துக்கு முன்னால் தனி ஆள் சாப்பிடும் பத்து மாத்திரை எம்மாத்திரம் என்பவர்களுக்கும் பாதி நியாயம் இருக்கிறது. கடைசிக்கு ஒதுக்க வேண்டிய கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பண்ணைகளில் பயன்படுத்த இந்தியா 2019-இல் தடை விதித்தது. 2014 மார்ச் முதல் நடப்பிலுள்ள எச்1 பட்டியலின்படி, அதிலுள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, கண்காணிப்புதான் மெலிவு. ஆனால் மருத்துவரின் மேசைக்கு எதிரே உட்காரும்போது நம் கையில் இருப்பது வேறு விஷயங்கள்: கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறோம், முன்பு எந்த மருந்துக்கு என்ன ஆனது. பெனிசிலின் அலர்ஜி என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் அது இருப்பதில்லை. வயிற்றுப்போக்கு வந்ததா, உடம்பு தடித்து மூச்சுத் திணறியதா என்று பிரித்துச் சொன்னால் ஒரு நல்ல மருந்து வீணாக ஒதுக்கப்படாது. சிப்ரோஃப்ளாக்சசினையோ டாக்ஸிசைக்ளினையோ எழுதித் தந்தால், இரும்புச் சத்து மாத்திரையும் ஜெலுசில் மாதிரியான அமில மருந்தும் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். கூடவே விழுங்கினால் அவை மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்; பிறகு மருந்து கேட்கவில்லை என்று இன்னும் பெரியதாக ஒன்றை எழுதுவார்கள்.