ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்புறம் என்ன பிரச்னை?

பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடியே என் அக்காவுக்கு ஆரம்பித்துவிடும். தூக்கம் போய்விடும், எதற்கெடுத்தாலும் எரிச்சல், அழுகை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற பேச்சு. பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் பழைய அக்கா திரும்பி வந்துவிடுவாள். ஹார்மோன் டெஸ்ட் எடுத்தோம், எல்லாம் நார்மல். "எல்லாம் உன் நினைப்புதான்க்கா" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இந்த மாதிரி மாதாமாதம் வந்து போகும் தீவிர மனநிலைக் கோளாறுக்கு பிஎம்டிடி என்று பெயர். 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடு இதை மனச்சோர்வு நோய்களின் வரிசையில் சேர்த்தது.

டெஸ்ட்டில் ஏன் தெரியவில்லை? 1998-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட் குழு ஒரு சோதனை செய்தது. மாதவிடாய்க்கு முன் கடுமையாக அவதிப்படும் பெண்களுக்கு மருந்து கொடுத்து, சினைப்பை ஹார்மோன்களை நிறுத்தினார்கள். பலருக்குத் தொல்லை அடங்கியது. ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ திரும்பக் கொடுத்ததும், அப்படி அடங்கியவர்களுக்கு மறுபடி வந்தது. இந்தத் தொல்லையே இல்லாத பெண்களுக்கும் அதே மருந்து, அதே ஹார்மோன். அவர்களுக்கு மனநிலை மாறவில்லை.

நம்ம பாஷையில் சொன்னால், இன்புட் ஒன்றுதான், அவுட்புட் வேறு. கோளாறு ஹார்மோன் அளவில் இல்லை, அதற்கு மூளை காட்டும் எதிர்வினையில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை அளவை மட்டும்தான் பார்க்கும்.

அந்த எதிர்வினை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? பரம்பரைக்குப் பங்கு உண்டு. பழைய காயங்களுக்கும் தொடர்பு தெரிகிறது. அமெரிக்க நர்ஸுகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், சின்ன வயதில் அடி, வசவு, பாலியல் கொடுமை அனுபவித்தவர்களிடம் மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள் அதிகம் காணப்பட்டன. அதற்காக, இது இருக்கிற எல்லாருக்கும் அப்படி ஒரு கதை இருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அக்காவிடம் நான் கேட்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம்.

நான் செய்தது ஒரு ஸ்ப்ரெட்ஷீட். தினமும் தூக்கம், அழுகை, எரிச்சலுக்கு 1 முதல் 6 வரை மார்க். இரண்டு சுழற்சிக்குக் குறித்தால்தான் இது பிஎம்டிடியா, மாதம் முழுக்க இருக்கும் மனச்சோர்வு அந்த வாரத்தில் கூடுகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

ஆனால் "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.