கணக்கு யாருக்கு? வெளிநாட்டு உதவியும் பொதுச் சேவையும்

வெளிநாட்டு உதவி என்றதும் நம் நினைவுக்கு வருவது வெள்ளம் வந்த ஊரில் இறங்கும் அரிசி மூட்டைகளும் கூடாரங்களும்தான். கோத்தா திங்கி வெள்ளத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஜொகூர்வாசிகளுக்கு இது இயல்பே. ஆனால், உதவியின் கணிசமான பகுதி மருத்துவமனை, பள்ளி போன்ற அன்றாடச் சேவைகளைச் சீர்படுத்தவும் செல்கிறது. அப்பணம் ஒரு நாட்டின் நிர்வாகத்தை வலுப்படுத்துமா என்பதைத் தமிழ்நாட்டின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் ஒரு தெளிவு தேவை. ‘உதவி’ என்பது எப்போதும் இலவசம் அல்ல. திருப்பித் தர வேண்டாத நன்கொடை ஒரு வகை. நிபுணர்களையும் பயிற்சியையும் தரும் தொழில்நுட்ப உதவி இன்னொரு வகை. உலக வங்கி தருவதில் பெரும்பகுதி கடன். நம் பி.தி.பி.தி.என். கடனைப்போல, வட்டி குறைவாக இருந்தாலும் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும். ஆகவே, அப்பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு மட்டுமன்றி, வரி கட்டும் மக்களுக்கும் உண்டு.

கோட்டாம்பட்டியில் தொடங்கிய திட்டம்

1980இல் உலக வங்கியின் 3 கோடியே 20 இலட்சம் அமெரிக்க டாலர் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டத்தின் கோட்டாம்பட்டி வட்டாரத்தில் சோதனை முறையில் ஆரம்பித்து, ஏறக்குறைய 9,000 கிராமங்களுக்கு விரிந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை ஊட்டச்சத்துப் பணியாளர் மாதந்தோறும் எடை போட்டார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள்களுக்குச் சத்துணவு உருண்டை கொடுக்கப்பட்டது. தேறாத குழந்தை சுகாதாரப் பணியாளரிடம் அனுப்பப்பட்டது.

பணியாளர்கள் வெளியூர் அதிகாரிகள் அல்லர். அதே கிராமத்துப் பெண்கள். தங்கள் குழந்தைகளை நன்கு வளர்த்திருந்த ஏழைத் தாய்மார்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. மையத்தின் முன்னால் ஒரு கரும்பலகையில் எத்தனை குழந்தைகள் எடை போடப்பட்டனர், எத்தனை பேர் உணவு பெறுகின்றனர் என்பது எழுதி வைக்கப்பட்டது. வாஷிங்டனுக்குப் போக வேண்டிய கணக்கு முதலில் ஊர் மக்கள் கண்ணில் பட்டது. இத்திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடுகள் கூறுகின்றன.

பள்ளியின் கையில் 2,000 ரூபாய்

கல்வித் துறையில் 1994இல் இந்தியாவின் 7 மாநிலங்களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் அறிமுகமானது. உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய தரப்புகள் இதற்கு உதவின. தமிழ்நாட்டில் தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற பின்தங்கிய மாவட்டங்கள் இதில் இடம்பெற்றன. திட்டச் செலவில் 85 விழுக்காட்டை மத்திய அரசு மாநிலத்துக்கு மானியமாக வழங்கியது. 15 விழுக்காட்டை மாநிலம் ஏற்றது.

இத்திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 2,000 ரூபாயும், ஒவ்வோர் ஆசிரியருக்கும் கற்பித்தல் பொருள் செய்ய 500 ரூபாயும் கிடைத்தன. சிறு தொகைதான். எனினும், உடைந்த பலகையைச் சரிசெய்யத் தலைமையாசிரியர் மேலிடத்து அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை மாறியது. பெற்றோர் அடங்கிய கிராமக் கல்விக் குழு வகுப்பறை கட்டும் பணியையே ஏற்று நடத்தியது. எந்தப் பள்ளியில் எத்தனை வகுப்பறை, எத்தனை ஆசிரியர் என்று ஆண்டுதோறும் திரட்டும் தகவல் முறையும் இத்திட்டக் காலத்தில் யுனிசெப் துணையுடன் உருவானது. திட்டம் முடிந்த பிறகும் அம்முறை வளர்ந்து இன்று இந்தியா முழுவதும் நடைமுறையில் உள்ளது.

தானே எடுத்த முயற்சி

எல்லாச் சீர்திருத்தமும் வெளியிலிருந்து வந்ததன்று. மருந்துக் கொள்முதலில் முறைகேடுகள் எழுந்தபின், 1994இல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவியது. திறந்த ஒப்பந்தப்புள்ளி வழியே மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்தனர். மருத்துவமனைகளுக்குப் பாஸ்புத்தகம் தரப்பட்டது. எடுக்கும் மருந்தின் விலை ஒதுக்கீட்டிலிருந்து கழிக்கப்பட்டது. நிறுவனத்தின் பெயரை மறைத்து மருந்து மாதிரிகள் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. பின்னர், கேரளமும் ராஜஸ்தானும் இவ்வழியைப் பின்பற்றின.

2005இல் தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்துக்கு உலக வங்கியின் நிதி வந்தபோது, கணக்குப் பார்த்து மருந்து வழங்கும் பழக்கம் அங்கு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. உள்ளூரில் மனம் இருந்தால்தான் வெளியூர்ப் பணம் பயன் தரும் என்பதற்கு இது சான்று.

முடிவுக்குப் பிறகே பணம்

2019இல் உலக வங்கி தமிழ்நாட்டின் சுகாதாரத் துறைக்கு மேலும் 28 கோடியே 70 இலட்சம் டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. இம்முறை விதி மாறியது. ஒப்புக்கொண்ட இலக்குகள் எட்டப்பட்டதைச் சரிபார்த்த பிறகே பணம் விடுவிக்கப்படும். அரசு மருத்துவமனைகள் தரச் சான்றிதழ் பெறுவதும், நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளுக்கான சிகிச்சை மேம்படுவதும் அவ்விலக்குகளில் சில. மக்கள் நேரில் குறை சொல்ல மாவட்ட சுகாதாரப் பேரவைகளும் கூட்டப்பட்டன.

இம்முறையிலும் ஆபத்து உண்டு. எண்ணப்படும் வேலை மட்டும் நடந்து, எண்ணப்படாத வேலை பின்தங்கலாம். பதிவேட்டில் மட்டும் இலக்கு எட்டப்படலாம். கரும்பலகையும் பேரவையும் இதனால்தான் தேவைப்படுகின்றன. ஆய்வாளரை ஏமாற்றுவதைவிட, அந்த ஊர்த் தாயை ஏமாற்றுவது கடினம்.

கொடுப்பவர் விலகினால்?

2025 ஜூலை 1ஆம் நாள் அமெரிக்காவின் யு.எஸ்.எய்டு அமைப்பு தன் உதவிப் பணியை நிறுத்திக்கொண்டது. பல ஆப்பிரிக்க நாடுகளில் அதை நம்பியிருந்த மருத்துவச் சேவைகள் தடுமாறின. கொடுப்பவர் என்றேனும் விலகுவார். அதன் பிறகு சம்பளம் கொடுக்கவும், பதிவேட்டைத் தொடரவும் ஆள் இருக்கிறதா என்பதே உண்மையான சோதனை.

மலேசியர்களாகிய நாம் இரு கரைகளையும் கண்டவர்கள். கொழும்புத் திட்ட உதவியில் நம் நாட்டு மாணவர்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் படித்தனர். 1980இல் மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் தொடங்கியபோது, நம் நாடு பிற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தது.

இப்பாடம் நமக்கு எட்டாததல்ல. தமிழ்ப்பள்ளிக்கு நல்ல மனத்துடன் யாரோ கொடுத்த கணினிகள் பழுது பார்க்க ஆளின்றிப் பூட்டிய அறையில் கிடப்பதை நம்மில் பலர் மாணவப் பருவத்திலேயே கண்டிருப்போம். கொடுத்த நாளில் படம் எடுத்தார்கள். ஓராண்டு கழித்து எத்தனை கணினி இயங்குகிறது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், ஆதரவாளர் பணத்தில் கலைவிழா நடத்தும் நம்மைப் போன்ற மாணவர் சங்கங்களும் செய்யக்கூடியது எளியதே. வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, பயன் பெற்றவர் யார் என்பதை, கொடுத்தவருக்கு அனுப்பும் அதே நாளில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். படித்து முடித்து நாளை அரசுப் பணிக்கும் பள்ளி வாரியங்களுக்கும் செல்லப் போகிறவர்கள் நாம்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளந்ததைப் பத்துப் பேர் பார்க்க எழுதி வைக்கும் பழக்கத்தை இங்கிருந்தே தொடங்குவோம்.