ஒரு துண்டுத் துணியும் கொஞ்சம் மெழுகும்

சென்ற செப்டம்பரில் குடகிலுள்ள என் பழைய ரயில்வே நண்பர் வீட்டுக்குக் கைல்போல்து பண்டிகைக்காகப் போயிருந்தேன். நமக்கு ஆயுத பூஜை எப்படியோ, குடகருக்குக் கைல்போல்து அப்படி. வீட்டிலுள்ள துப்பாக்கியைத் துடைத்துப் பூ வைத்து வணங்குகிறார்கள். அந்தப் பூவுக்கு அவர்கள் மொழியில் 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ என்று பெயர். அருகில் போய்ப் பார்த்தால் அது நம்முடைய செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர் குடகில் துப்பாக்கிக்கு மாலையாவதைப் பார்த்து வியந்தேன்.

சுவரில் தொங்கிய ஒரு பழைய வாய்வழித் துப்பாக்கியை நண்பர் இறக்கிக் காட்டினார். குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்கும் வகை அது. பின்கட்டையில் பித்தளை மூடி போட்ட சிறிய அறை ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே விறைத்துப் போன நாலைந்து துணித்துண்டுகள். முகர்ந்தால் தேன்மெழுகு வாசனை.

"சார், நீங்க ஆயுசு முழுக்க ஆக்சில் பாக்ஸோட மல்லுக்கட்டினவர். துப்பாக்கிக்குள்ளே துணிக்கும் எண்ணெய்க்கும் என்ன வேலைன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் நண்பர்.

அன்று எனக்குப் பாதி விடைதான் தெரிந்தது. மீதி விடை, சில மாதம் கழித்து அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள மகள் வீட்டுக்குப் போனபோது கிடைத்தது. அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே ஒரு வேட்டைப் பருவம் உண்டு. அங்குள்ள துப்பாக்கிக் கழகத்தின் முதியவர் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினார். இரண்டையும் சேர்த்து நம் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

துணி எதற்கு?

ஈயக் குண்டு குழலின் அளவுக்குச் சரியாக இருந்தால் வாய் வழியாக உள்ளே இறங்காது. நாலு முறை சுட்டுக் கரி படிந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆகவே குண்டைச் சற்றுச் சிறியதாக வார்க்கிறார்கள். சிறியதாக வார்த்தால் இடைவெளி வழியே வெடிவாயு முன்னால் ஓடிவிடும். குண்டும் குழலுக்குள் இங்கும் அங்கும் முட்டிக்கொண்டு போகும். தவிர, ரைபிள் என்றால் குழலுக்குள் திருகுபோல வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டைச் சுழற்றி அனுப்புவது அந்தப் பள்ளங்கள்தான். குண்டு அவற்றைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே! அதுதான் துணி. வாயுவை அடைக்கிறது, குண்டை நடுவில் நிறுத்துகிறது, பள்ளத்தைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றுகிறது. குழலை விட்டு வெளியே வந்ததும் தானாகக் கழன்று விழுந்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு. குழலின் விட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. என்று கொள்வோம். குண்டு 12.45 மி.மீ. துணியின் தடிப்பு 0.38 மி.மீ. இரு பக்கமும் சேர்த்தால் 13.21 மி.மீ. குழலைவிட அரை மில்லிமீட்டர் அதிகம்! ஆனால் துணி அமுங்கும்; பள்ளங்களும் கொஞ்சம் இடம் கொடுக்கும். கைக்கோலால் அழுத்தினால் இறுக்கமாக, ஆனால் அடிக்காமல் இறங்க வேண்டும். அதுவே சரியான பொருத்தம். 1800-இல் ஆங்கிலேயப் படை பேக்கர் ரைபிளை எடுத்துக்கொண்டபோது, பொருத்தம் அவ்வளவு இறுக்கமாக இருந்ததால் முதலில் சிறு மரச் சுத்தியலையும் கூடவே கொடுத்தார்கள்.

எந்தத் துணி?

சுத்தமான பருத்தி, நெருக்கமான நெசவு, எங்கும் ஒரே தடிப்பு. மெத்தை உறை தைக்கும் கோடு போட்ட கெட்டித் துணி நன்றாக உதவும். புதுத் துணியானால் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். டெரிலின் கலந்த துணி கூடவே கூடாது. சூட்டில் உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகமானால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். டெரிலின் உருகி முனையில் மணிபோல் உறையும்.

எந்த மசகு?

கரிமருந்து என்பது பொதுவாக 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு அதில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அந்தக் கசடு ஈரத்தை இழுத்துக்கொண்டு குழலில் அப்பிக்கொள்ளும். மசகின் முதல் வேலை இந்தக் கசடை இளக்குவது. இரண்டாவது, துணி கருகாமல் காப்பது. வழுக்குவது மூன்றாவதுதான்.

வண்டிக்குப் போடும் கிரீஸ் இதற்கு ஆகாது. பெட்ரோலிய எண்ணெய் இந்தக் கசடோடு சேர்ந்தால் தார்போல் இறுகிவிடும். பழங்காலத்திலிருந்து கையாண்டது விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய், தேன்மெழுகு ஆகியவைதான். பந்தயத்தில் உடனுக்குடன் சுடுகிறவர்கள் வெறும் எச்சிலால் நனைத்த துணியையும் வைக்கிறார்கள். கசடு தண்ணீரில் கரையும் என்பதால் அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

நம் ஊர்ச் சரக்கில் சொன்னால் தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையும். மார்கழிக் காலையில் பொம்மசந்திராவில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. சித்திரையிலோ தண்ணீராக ஓடும். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே வெயில் காலத்தில் மெழுகைக் கூட்டி, குளிரில் குறைக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. எங்கள் தொழிற்பேட்டை லேத் பட்டறைகளில் தண்ணீரில் கலந்து பால்போல ஊற்றுகிறார்களே, அந்தக் கரையும் எண்ணெய்! அதில் துணியை நனைத்து, தண்ணீரை உலரவிட்டு, எண்ணெய் மட்டும் மெல்லிய படலமாகத் தங்கும்படி அமெரிக்கர் சிலர் செய்கிறார்கள். எதுவானாலும் சொட்டச் சொட்ட வேண்டாம். எண்ணெய் மருந்தில் ஊறினால் வெடி சரியாகப் பிடிக்காது.

விழுந்த துணி சொல்லும் சேதி

அந்த அமெரிக்க முதியவர் சுட்டு முடித்ததும் இலக்கைப் பார்க்கவில்லை. குழலுக்கு முன்னால் சில கஜம் நடந்துபோய், விழுந்த துணிகளைப் பொறுக்கினார். நடுவில் கரிய வட்டமும் பிரிந்த ஓரமுமாகத் துணி முழுதாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி நைந்தது. பக்கத்தில் கருகியிருந்தால் வாயு கசிந்திருக்கிறது. தடித்த துணி வேண்டும். கத்தியால் கீறியதுபோல் வரிசையாக வெட்டு இருந்தால் பள்ளங்களின் விளிம்போ குழல் வாயோ கூராக இருக்கிறது. இலக்கில் விழும் ஓட்டை குண்டு எங்கே போனது என்று மட்டும் சொல்லும். ஏன் அப்படிப் போனது என்று சொல்வது இந்தக் கந்தல்தான்.

அதைக் கேட்டதும் எனக்கு 1983 நினைவுக்கு வந்தது. அப்போது நான் இளம் மேற்பார்வையாளன். சரக்கு வண்டிகளின் ஆக்சில் பாக்ஸில் எண்ணெயில் ஊறிய நூல்கழிவை அடைத்திருப்போம். திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது இழுத்து அச்சுக்குக் கொடுக்கும். ஒருநாள் வயதான ஃபிட்டர் ஒருவர், "சார், எண்ணெய் இருக்கு. ஆனா பேக்கிங் குடிக்கல" என்றார். நான் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாற்பது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் அந்த அச்சு புகைந்து, வண்டியைக் கழற்றி நடுவழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. தொட்டுப் பார்த்த கையை நான் கேட்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

கேட்காமல் விட்ட கேள்வி

நான் நிறுத்தியது ஒரு வண்டி. இதே தவறு இந்த நாட்டையே குலுக்கியதும் உண்டு. என்ஃபீல்டு ரைபிளுக்குக் கூர்முனைக் குண்டு, துணி கிடையாது. குண்டைச் சுற்றிய தோட்டாக் காகிதத்தில் கொழுப்பைத் தடவியிருந்தார்கள். துணியின் வேலையை அந்தக் காகிதம் செய்தது. தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும்.

1853-இல் இந்தத் தோட்டாக்களைச் சோதனைக்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எதைச் சோதிக்க? இந்த நாட்டு வெயிலைக் கொழுப்பு தாங்குமா என்று! அது நல்ல பொறியியல் கேள்விதான். ஆனால் அது என்ன கொழுப்பு, அதைத் தொட்டு வாயில் வைக்கிறவன் யார் என்பது இன்னொரு கேள்வி. அதே ஆண்டு வங்காளப் படையின் அதிகாரி கர்னல் டக்கர் அதை எழுத்தில் எழுப்பி எச்சரித்தார். அது காதில் ஏறவில்லை.

1857 ஜனவரியில் டம்டம்மில் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவியது. ஜனவரி 27-இல், கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், சிப்பாய்களே தமக்குப் பிடித்ததைத் தடவிக்கொள்ளலாம் என்று ஆணை வந்தது. தேன்மெழுகும் எண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும் என்பதை மேலே பார்த்தோம். ஆனால் அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. காகிதத்தின் பளபளப்பையே சிப்பாய்கள் சந்தேகித்தார்கள். மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. மே 10-இல் மீரட். புரட்சிக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. பொறி இதுதான். 1806-இல் நம் வேலூரில் தலைப்பாகையின் தோல் சின்னத்தால் பட்ட பாட்டை 51 ஆண்டுகளில் மறந்துபோனார்கள்.

நண்பருக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். பழைய குழலில் துருவும் விரிசலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், வல்லுநர் பார்க்காமல் அதைச் சுடவே வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். "சுடறதுக்கு இல்ல சார், பூ வைக்கறதுக்குத்தான். ஆனா அந்தத் துணியை மட்டும் எடுக்கல. தாத்தா கை பட்டதாச்சே!"

எடுக்க வேண்டாம் என்றேன்.